கண்காணாத் தூரத்துக்குக் கட்டளையிட்டவர்

கடந்த பருவ விடுமுறையில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். நண்பர்கள் நால்வர் பணம் போட்டு வாங்கிய சிறிய ஆளில்லா வானூர்தியை (ட்ரோன் என்றால்தான் நம்மில் பலருக்குப் புரியும்) ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்து பறக்கவிட்டோம். கைப்பேசித் திரையில் படம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. அதனால் வானூர்தி எங்கள் கண்ணிலிருந்து மறைந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. மரங்களுக்கு அப்பால் போனதும் திரை அப்படியே நின்றுவிட்டது. தானாகத் திரும்பி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அரை மணி நேரம் தேடி அலைந்தபின், தோட்டத்து வீடு ஒன்றின் பின்புறத்தில், துணி காயப்போடும் கொடிக்கு அருகே அதைக் கண்டெடுத்தோம். சற்று முன்புவரை அங்கே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்ததாம்.

அந்த வீட்டுப் பாட்டி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். வானத்திலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அதன் மறுமுனையில் நான்கு பல்கலைக்கழக மாணவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் நிக்கோலா டெஸ்லாவின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தேன். மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் அடிபடும். இன்று மின்கார்களால் அந்தப் பெயர் சாலையெங்கும் ஓடுகிறது. ஆனால், ஓரிடத்தில் நின்றுகொண்டு, கம்பியின் துணையில்லாமல், வேறோர் இடத்தில் உள்ள கலத்தை ஆட்டுவிக்கலாம் என்று செய்து காட்டியவரும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமாக, அந்தக் கலம் கண்ணுக்கு மறைந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்வியையும் அவர் விடாமல் துரத்தினார்.

டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஸ்மில்யான் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று குரோஷியாவில் உள்ளது. செர்பியக் குடும்பம். தந்தை கிறிஸ்தவ மத குரு. மகனும் தம் வழியில் வரவேண்டும் என்பது அவரது விருப்பம். தாயார் பள்ளிப் படிப்பில்லாதவர். ஆனால் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொள்ளும் கைத்திறன் பெற்றவர். தமக்கு வாய்த்த கற்பனைத் திறன் தாய்வழிச் சொத்து என்று டெஸ்லா கடைசிவரை நம்பினார். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு காலராவில் விழுந்து, பிழைப்பதே அரிது என்ற நிலைக்குப் போனார். படுக்கையில் கிடந்தபடியே, பொறியியல் படிக்கவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று தந்தையிடம் பேரம் பேசினாராம். தந்தை இறங்கி வந்தார். மகன் எழுந்து உட்கார்ந்தார். மருத்துவமா மனமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பெற்றோரிடம் படிப்புக்காகப் போராடிய நம்மவர்கள் பலருக்கு இந்தக் கட்டம் பிடிக்கும்.

கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1882இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, சுழலும் காந்தப்புலம் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த குச்சியால் மண்ணிலேயே படம் வரைந்து நண்பருக்கு விளக்கினார். பிறகு பாரிஸில் எடிசன் நிறுவனத்தில் வேலை, 1884இல் நியூயார்க், அங்கே எடிசனிடமே சில மாத வேலை, மனக்கசப்பு, விலகல். அடுத்து வந்த நாள்களில் கூலிக்குப் பள்ளம் தோண்டியும் வயிறு கழுவினார். 1888இல் அவரது மாறுமின்னோட்ட மோட்டாருக்கான உரிமங்களை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சி அந்த மின்சாரத்தில் ஒளிர்ந்தது. 1896இல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரத்தைச் சென்றடைந்தது. இந்தக் கதை பாடநூல்களில் இருப்பதால் இங்கே நீட்டவில்லை.

இடையில் ஒரு பேரிடி. 1895 மார்ச் 13ஆம் நாள் அதிகாலையில் அவருடைய நியூயார்க் ஆய்வுக்கூடம் தீயில் எரிந்து போனது. கருவிகள், குறிப்புகள், செய்து முடித்தவை, பாதி செய்தவை என எல்லாம் சாம்பல். தூரத்திலிருந்து இயந்திரத்தை இயக்கும் முயற்சிகளை அதற்கு முன்பே அவர் தொடங்கியிருந்தார். தீ அதையும் பின்னுக்குத் தள்ளியது. வேறு தெருவில் புதிய கூடம் அமைத்து மீண்டும் தொடங்கினார்.

1898ஆம் ஆண்டு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் மின்சாரக் கண்காட்சி. ஸ்பெயினுடன் அமெரிக்கா போரில் இறங்கியிருந்த காலம். போர்க்கப்பல்கள்தான் எங்கும் பேச்சு. அரங்கில் ஒரு நீர்த்தொட்டி. அதில் சில அடி நீளமுள்ள, இரும்பு உடல் கொண்ட ஒரு படகு. அதன் வயிற்றுக்குள் மின்கலங்கள், உந்து சக்கரத்தைச் சுழற்ற ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப இன்னொரு மோட்டார். மேலே அலைவாங்கிக் கம்பிகளும் சிறு விளக்குகளும். டெஸ்லா தள்ளி நின்று ஒரு பெட்டியின் நெம்புகோலைத் திருப்பினார். படகு புறப்பட்டது, திரும்பியது, நின்றது, விளக்கைச் சிமிட்டியது.

கூட்டத்தால் நம்ப முடியவில்லை. வானொலி என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சிலர் மந்திரம் என்றார்கள். சிலர் மன ஆற்றலால் படகை நகர்த்துகிறார் என்றார்கள். பழக்கப்படுத்திய குரங்கு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு என்பார்கள். டெஸ்லாவும் விளையாட்டுக்காரர்தான். பார்வையாளர்களைக் கேள்வி கேட்கச் சொல்லி, படகே பதில் சொல்வதுபோல் நடித்தார். 64இன் கனமூலம் என்ன என்று கேட்டபோது விளக்கு நான்கு முறை சிமிட்டியது. படகைப் பார்த்தவர்கள் படகையே பார்த்தார்கள். பெட்டியருகில் நின்ற மனிதரைப் பார்க்கவில்லை. எங்கள் வானூர்தியைப் பார்த்த பாட்டியும் அப்படித்தானே!

படகுக்குள் நடந்தது மந்திரமில்லை. ஒரு சிறு குழாயில் உலோகத் துகள்கள். மின்காந்த அலை வந்து தொட்டதும் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மின்னோட்டத்துக்கு வழிவிடும். அடுத்த கட்டளையைக் கேட்க வேண்டுமானால் அவை மீண்டும் பிரிய வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் குழாய் தானே தலைகீழாகப் புரளும்படி டெஸ்லா செய்துவிட்டார். கட்டளை ஒவ்வொன்றும் ஒரு வட்டை ஒரு படி நகர்த்தும். ஒரு படிக்குச் சுக்கான் வலப்பக்கம், அடுத்த படிக்கு நிறுத்தம், அதற்கடுத்த படிக்கு இடப்பக்கம். பிற்காலத்தில் வானொலிவழி இயங்கும் சிறு விமானங்களைப் பொழுதுபோக்காகச் செய்தவர்கள், 1940களிலும் 1950களிலும், ரப்பர் பட்டையை முறுக்கி இதே படிமுறையில்தான் சுக்கானைத் திருப்பினார்கள். ஒருமுறை அழுத்தினால் வலம், இன்னொரு முறை அழுத்தினால் இடம். எத்தனையாவது அழுத்தத்தில் நிற்கிறோம் என்ற கணக்கு தவறினால் விமானம் மரத்தில்!

இதற்கான காப்புரிமை 1898 நவம்பர் 8ஆம் நாள் கிடைத்தது, எண் 613,809. பார்க்காமல் நம்ப முடியாது என்று காப்புரிமை அலுவலகத்தின் தலைமை ஆய்வாளரே நியூயார்க்குக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதாக டெஸ்லா பின்னர் எழுதியிருக்கிறார். கண்டுபிடிப்பை அரசுக்கு வழங்க முன்வந்தபோது வாஷிங்டன் அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தாராம். அந்தக் காப்புரிமையைப் படித்துப் பாருங்கள். இன்று ஆளில்லா வானூர்திகள் செய்யும் வேலைகள் பலவும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. கடிதம், பொட்டலம், உணவுப்பொருள் கொண்டுபோதல். மனிதன் எட்ட முடியாத இடங்களோடு தொடர்பு கொள்ளுதல். அங்குள்ள நிலைமையை ஆராய்தல். திமிங்கில வேட்டையும் உண்டு. போரும் உண்டு. அழிவாற்றல் எல்லை மீறிப் போனால் போரே நின்று அமைதி வரும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது என்பதை 20ஆம் நூற்றாண்டு இரு முறை மெய்ப்பித்துவிட்டது. இந்த நூற்றாண்டும் அதையே செய்துகொண்டிருக்கிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஆனால் அரங்கில் கைதட்டல் வாங்கிய படகில் தமக்கே நிறைவில்லாத இரண்டு குறைகளை டெஸ்லா கண்டார்.

முதலாவது, அது யார் சொன்னாலும் கேட்கும். பொருத்தமான அலையை அனுப்பத் தெரிந்த எவனும் அந்தப் படகின் எஜமானன் ஆகிவிடலாம். பகைவன் வேண்டாம், பக்கத்துக் கூடத்தில் வேறொருவர் செய்யும் சோதனையே போதும். இதற்கு அவர் கண்ட வழி மிக அழகானது. ஒரே அலையைக் கேட்டுக் கருவி அசையக்கூடாது. வெவ்வேறு அதிர்வெண் கொண்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே அசைய வேண்டும். எண்களைச் சரியாகச் சேர்த்தால் மட்டுமே திறக்கும் பூட்டைப் போல. 1900இல் இதற்கு விண்ணப்பித்து 1903இல் உரிமங்கள் பெற்றார். இன்று நம் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறிக்கொண்டே தன் வானூர்தியோடு மட்டும் பேசுகிறது. ஒரே திடலில் பத்துப் பேர் பறக்கவிட்டாலும் ஒருவர் கட்டளை இன்னொருவர் வானூர்திக்குப் போவதில்லை. வழி வேறு, தீர்க்க நினைத்த சிக்கல் அதுவே.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. படகு கண்ணுக்குத் தெரியும்வரை எல்லாம் சரி. படகு திரும்பவில்லை என்றால் இயக்குபவர் கண் அதைக் காணும், கை திருத்தும். உண்மையில் படகும் மனிதனும் சேர்ந்த ஒரே உயிராக இருந்தார்கள். அதில் கண் மட்டும் கரையில் இருந்தது. படகு மறைந்துவிட்டால் கண் போய்விடுகிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. அந்த வட்டு நகர்ந்து நின்ற இடத்திலேயே நிற்கும்; கடைசியாகக் கேட்ட சொல்லையே படகு பிடித்துக்கொண்டிருக்கும்.

டெஸ்லா இதை நன்கு உணர்ந்திருந்தார். 1900ஆம் ஆண்டு ஜூன் மாத செஞ்சுரி இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், தாம் செய்த இயந்திரத்துக்கு இருப்பது கடன் வாங்கிய மனம் என்று விளக்கினார். தூரத்தில் இருக்கும் மனிதனின் அறிவே அதன் அறிவு. இனி வரப்போகும் இயந்திரத்துக்குச் சொந்த மனம் இருக்கும். சூழலை உணர்ந்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தானே பிரித்தறியும் என்று எதிர்பார்த்தார். கண்ணுக்கு அப்பால், கட்டுப்பாட்டு மையத்திலிருந்து நெடுந்தொலைவில் இயந்திரங்களை இயக்குவதே அடுத்த இயல்பான படி என்பதைத் தம் தன்வரலாற்றிலும் 1919இல் பதிவு செய்தார்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சற்றுப் பேச வேண்டும். எங்கள் தவறுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தனி அனுமதி இல்லாமல் மலேசியாவில் 400 அடிக்கு மேலும் சிங்கப்பூரில் 200 அடிக்கு மேலும் பொழுதுபோக்கு வானூர்தியைப் பறக்கவிடக் கூடாது. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்ய வேண்டும். இரு நாடுகளிலும், பறக்கவிடுபவர் தம் வானூர்தியைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரையில் பார்ப்பது கணக்கில் சேராது. கண்ணுக்கு அப்பால் அனுப்ப வேண்டுமானால் வான்போக்குவரத்து ஆணையத்திடம் தனி அனுமதி பெற வேண்டும். ஆபத்து எப்படித் தவிர்க்கப்படும் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும்.

முன்பெல்லாம் இதை வேண்டாத கெடுபிடி என்று நினைத்தேன். திரைதான் எல்லாவற்றையும் காட்டுகிறதே! ஆனால் திரை காட்டுவது வானூர்தியின் முன்னால் இருக்கும் ஒரு துண்டு வானத்தை மட்டும். பக்கவாட்டில் தாழப் பறந்து வரும் ஹெலிகாப்டர் அதில் தெரியாது. மரமோ கட்டடமோ குறுக்கே வந்தால் அலை தடைபட்டு அந்தத் துண்டும் போய்விடும். தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் வசதி இருக்கிறது, உண்மைதான். நாங்கள் அந்தத் திரும்பும் உயரத்தை மரங்களைவிடத் தாழ்வாக வைத்திருந்தோம். வானூர்தி நாங்கள் சொன்னபடியே திரும்பியது; நேராக ஓலைக்குள் புகுந்தது. எங்களிடம் கடன் வாங்கிய மனம் அவ்வளவுதான்.

டெஸ்லாவின் கதைக்கு வருவோம். 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மலையூரில் செயற்கை மின்னல்களை எழுப்பிச் சோதனை செய்தார். 1901இல் செல்வந்தர் ஜே. பி. மார்கன் தந்த 150,000 டாலரை வைத்து, லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். உலகம் முழுவதற்கும் கம்பியில்லாமல் செய்தியும் மின்னாற்றலும் அனுப்ப வேண்டும் என்பது கனவு. அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி எளிய கருவிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. கோபுரம் முழுமை பெறாமலே நின்று, 1917இல் இடிக்கப்பட்டது. அந்தப் படகின் காப்புரிமையோ எவருக்கும் வேண்டாததாகக் கிடந்து 1915இல் காலாவதியானது. இரண்டே ஆண்டில், 1917இல், பிரிட்டனில் ஆளில்லாத விமானத்தை வானொலியால் இயக்கிப் பார்த்தார்கள். டெஸ்லாவுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இணையத்தில் டெஸ்லாவைத் தெய்வமாக்கும் காணொளிகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார், எல்லோரும் திருடினார்கள் என்பார்கள். நான் அவற்றை நம்புவதில்லை. செய்து காட்டியதைவிட அதிகமாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வயதோடு வளர்ந்தது. கணக்கு வழக்கில் கவனமில்லை. கடன் வைத்துவிட்டு விடுதி விட்டு விடுதி மாறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நியூயார்க் பூங்காக்களில் புறாக்களுக்குத் தீனி போடுவது அவரது அன்றாட வேலையாயிற்று. ஆனால் பறக்கும் ஆசை மட்டும் போகவில்லை. 1928 ஜனவரியில், 71 வயதில், செங்குத்தாக எழும்பி, பிறகு கிடைமட்டமாகப் பறக்கும் ஒரு விமானத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது கட்டப்படவே இல்லை. ஓடுபாதை வேண்டாமல் நின்ற இடத்திலிருந்து எழும்பும் இன்றைய வானூர்திகளைப் பார்க்கும்போது அந்த முதியவரின் வரைபடம் நினைவுக்கு வரும்.

அவர் நினைத்த அடுத்த படியைப் பொழுதுபோக்காளர் ஒருவரே ஏறிக் காட்டினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2003 ஆகஸ்டில், அமெரிக்கரான மேனார்ட் ஹில்லும் அவர் நண்பர்களும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஒரு சிறு விமானத்தை ஏவினார்கள். எரிபொருளோடு சேர்த்து அதன் எடை 5 கிலோவுக்கும் குறைவு. ஹில் அப்போது ஏறக்குறைய பார்வை இழந்திருந்தவர். சிறிது நேரம் மட்டுமே மனிதக் கை அதை இயக்கியது. பிறகு செயற்கைக்கோள் காட்டிய வழியில் தன்னியக்கக் கருவி ஓட்டிக்கொண்டு போனது. இடையில் சில மணி நேரம் அதனிடமிருந்து செய்தியே இல்லை. சுமார் 39 மணி நேரம் கழித்து அது அயர்லாந்துக் கரையை அடைந்தது. அங்கே காத்திருந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்து, கையால் இயக்கித் தரையிறக்கினார்கள். இதற்கு முன் அனுப்பிய விமானங்கள் கடலோடு போயிருந்தன. ஆளில்லாக் கடல் அது. கீழே துணிக்கொடியும் குழந்தையும் இல்லை.

டெஸ்லா 1943 ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க்கர் விடுதியின் 33ஆம் மாடி அறையில், தனிமையில், 86 வயதில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் மார்க்கோனியின் வானொலிக் காப்புரிமை ஒன்றின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென அறிவித்தது. டெஸ்லா முன்பே செய்திருந்த பணியும் அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. அதைக் கேட்க அவர் இல்லை. அவரது அஸ்தி இன்று பெல்கிரேடில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளது.

1960இல் காந்தப்புலச் செறிவின் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் சூட்டினார்கள். வானூர்தியைப் புறப்படச் செய்யுமுன் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, நாமும் ஒரு சுற்றுச் சுற்றித் திசைகாட்டியைச் சரிசெய்கிறோமே, அப்போது உள்ளிருக்கும் சில்லு பூமியின் காந்தப்புலத்தைத்தான் அளக்கிறது. நம் வட்டாரத்தில் அது மைக்ரோடெஸ்லா கணக்கில் 40ஐ ஒட்டி இருக்கும். இறக்கை மாற்றிய எங்கள் வானூர்தியைச் சென்ற வாரம் பல்கலைக்கழகத் திடலுக்கு எடுத்துச் சென்றோம். திரையை ஒருவர் பார்த்தார். மற்ற மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.